நடுவில் ஒரு வட்டம்

புனே
12 நவம்பர் 2024

அன்புள்ள அப்பா,

படம் வந்து சேர்ந்ததா? 23ஆம் தேதி, சனிக்கிழமை, பெங்களூரில் கண்காட்சி. சிவப்புப் பரப்பு, நடுவில் பச்சை வட்டம். இரண்டுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்திருக்கிறேன். பார்ப்பவர் கண்ணில் வட்டத்தின் விளிம்பு துடிக்க வேண்டும். துடிக்கிறதா என்று இதே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

வழக்கம்போல "நன்றாக இருக்கிறது" வேண்டாம். பத்து வயதில், நீங்கள் பார்க்கிறீர்களா என்று சோதிக்கவே வயலைச் சிவப்பாகத் தீட்டிக் காட்டினேன். "வயல் பசுமையாக இருக்கிறது" என்றீர்கள். இந்த முறையும் பார்க்காமல் எழுதினால், இனி எதையும் உங்களுக்குக் காட்டமாட்டேன்.

கேரல்

காக்ஸ் டவுன்
பெங்களூர், 13 நவம்பர்

அன்பு மகள் கேரலுக்கு,

படம் நேற்று மாலை நாலரைக்கு வந்தது. தச்சர் சில்வெஸ்டர் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அளந்தேன், முப்பத்தாறுக்கு முப்பத்தாறு அங்குலம். ஒரு குறை. மேலிருந்து பதினான்கு, இடமிருந்து பதினேழு அங்குலத்தில் நகமளவு வண்ணம் பெயர்ந்திருக்கிறது. பிரிக்கும்போது நான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா

புனே
14 நவம்பர்

அப்பா,

அளந்தீர்கள், சரி. பார்த்தீர்களா? பெயர்ந்த இடம் வட்டத்துக்குள் வருகிறது. பெட்டியில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு சிறு புட்டிகள் இருக்கும். பச்சையை எடுத்து மெல்லிய தூரிகையால் வைத்துவிடுங்கள். காய நாளாகும், இன்றே செய்யுங்கள். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

கேரல்

காக்ஸ் டவுன்
17 நவம்பர்

அன்பு மகளே,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன்.

இரண்டு புட்டியிலும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தேன். ஜன்னலடியில் காலையில் பார்த்தேன், மதியமும் பார்த்தேன். ஒன்றுபோலவே இருந்தன. யாரையாவது கேட்டிருக்கலாம். ஐம்பது வருடமாகக் கேட்காதவன் அன்றும் கேட்கவில்லை. ஒன்றைத் தேர்ந்து பூசினேன். நேற்று சில்வெஸ்டர் வந்து, "என்ன சார் இது, பச்சை மேல போயி சிவப்ப அப்பி வெச்சிருக்கீங்க! கணக்கு வாத்தியார் கையில யாரு சார் பிரஷ் குடுத்தது?" என்று சிரித்தார்.

கேரல், உன் படத்தில் எனக்கு வட்டமே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுதான். இருபத்திரண்டு வயதில் ரயில்வே வேலைக்குப் போனேன். கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். சட்டைக் காலருக்குள் பச்சைக்கு ஒரு தையல், பழுப்புக்கு இரண்டு தையல் போட்டு வைப்பாள். என் மௌரீன் போன பிறகு வெள்ளைச் சட்டை மட்டுமே வாங்குகிறேன்.

உன் வயலைப் பார்த்தேன் அம்மா. வெகுநேரம் பார்த்தேன். தெரிந்ததைச் சொல்லப் பயந்து, வயல் எப்படி இருக்குமென்று மற்றவர்கள் சொல்வார்களோ அப்படிச் சொன்னேன்.

படத்தைக் கெடுத்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

அப்பா

புனே
19 நவம்பர்

அப்பா,

அம்மாவிடம் சொன்னீர்கள். என்னிடம் சொல்லவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்தச் சிவப்பை யாரும் துடைக்க வேண்டாம். அப்படியேதான் மாட்டப் போகிறேன்.

கண்காட்சிக்கு வெள்ளைச் சட்டை போடாதீர்கள். ஒன்று வாங்கியிருக்கிறேன். எனக்குத் தைக்க வராது, கோணலாகத்தான் வந்திருக்கிறது. காலருக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஒரு தையல்.

கேரல்