ஈசானிய மூலைக் கிணறு

வியாழன், ஆனி மாதம், 1958

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நகராட்சி இன்று உபரி நிலத்தை வீட்டுமனைகளாக ஏலம் விட்டது. மேலே புதுச் செம்மண் கொட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். ஒரு மனைக்குக் கீழே தோல் பதனிடும் ஷாப்புகளின் பழைய கழிவுக் குழி இருக்கிறது. சுகாதார ஆய்வாளராக இருந்தபோது அதைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதினேன். அதோடு என் பதவி உயர்வும் போயிற்று.

அந்த மனையை எடுத்தவன் என் தங்கை கணவன் சுப்பையா. சீர் தகராறுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. இன்று கூட்டத்தில் வேண்டுமென்றே உரக்கக் கேட்டான்.

"என்ன மச்சான், இம்புட்டுப் படிச்சும் வாடகை வீடுதானா? மொத வேலையா ஈசானிய மூலையில கிணறு வெட்டப் போறேன். தண்ணி குடிக்கவாச்சும் வாங்க!"

குழி இருப்பது சரியாக அந்த மூலையில்தான். சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி நடந்துவிட்டேன்.

அந்தத் தண்ணீரைத் தங்கையின் பிள்ளைகள் குடிப்பார்கள். நான் சொன்னதாகத் தெரிந்தால் வயிற்றெரிச்சல் என்பான். அதற்காகவே அங்கேயே வெட்டுவான்.

குழி இருப்பதைச் சொல்லி அவனுக்கு ஒரு கார்டு எழுதிவிட்டேன், கையெழுத்து தெரியாதிருக்க இடது கையால். பெயர் போடாமலே காலையில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். யாரோ எழுதியது என்றால் நம்புவான்.