ஈரம் வேண்டும், தண்ணீர் வேண்டாம்

இன்று காலை என் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த உன் அளவு மூங்கிலைக் கையில் எடுத்தேன். நீ கட்டிய பட்டு நூல்கள் ஒன்றும் அவிழவில்லை. அரக்கு நிற நூல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மயில்கழுத்து நிறம் அப்படியே இருக்கிறது. மூன்று நாளாக விடாத மழை. உன் மனைவி செல்விதான் போன் செய்தாள். "பாய், தோட்டத்துக் குழியில தண்ணி ஏறிக்கினே இருக்குது. அவரு மூங்கிலை எடுத்துக்கினு வாங்க." நீ இறந்த வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. உன் தறியைக் கீழ் அறைக்கு இறக்கிய பிறகு வந்த முதல் பெருமழை இதுதான். வண்டியின் பின்னால் மூங்கிலைக் கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் புறப்பட்டேன். நான் போட்ட அளவு சரியா தப்பா என்று இன்று தெரிந்துவிடும்.

நீ அந்த அறையைக் கேட்ட நாள் நினைவிருக்கிறது. மாடியில் ஷீட் கூரைக்குக் கீழே தறி போட்டிருந்தாய். வெயில் காலம் முழுக்க இழை அறுந்துகொண்டே இருந்தது. என்னைக் கூப்பிட்டு, தரைக்குக் கீழே ஓர் அறை கட்டித் தரச் சொன்னாய். பட்டு நூலுக்குக் கொஞ்சம் ஈரப்பதம் இருக்க வேண்டும், ஆனால் சரிகை கறுத்துவிடக் கூடாது. "எனக்கு ஈரம் வேணும்டா, தண்ணி வேணாம்" என்றாய். சிரித்துவிட்டேன். முப்பது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறேன், இப்படி ஒருவரும் கேட்டதில்லை. சிரித்தேனே தவிர அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது? முதலில் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உன் வீட்டுக் கீழ்ச்சுவரில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டிவிட்டு வந்தேன். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கட்டினால் மண்ணிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் கட்டினால் காற்றிலிருந்து வருகிறது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல மணிக்கொரு தரம் போன் செய்தாய். மறுநாள், "உள்பக்கம்தான்டா, உள்பக்கம்தான்" என்றாய், என்னவோ நீயே ஜெயித்தது மாதிரி. அதன் பிறகுதான் திட்டம் உருவானது. சுவரின் வெளிப்பக்கம் தார்ப்பூச்சு, அதை ஒட்டிச் சரளைக்கல், அதற்குக் கீழே தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோக ஒரு குழாய். காற்று ஓட எதிரெதிரே ஜன்னல். உள்ளே ஒரு மண் தொட்டியில் ஈர மணல். பட்டுக்கு வேண்டிய ஈரத்தை நாமே ஊற்றிக்கொள்ளலாம், வேண்டாதபோது மூடி வைக்கலாம்.

ஆனால் எவ்வளவு ஆழம் தோண்டுவது? குழித்தறியில் உட்காருகிறவன் கால் வைக்க, அறையின் தரைக்கும் கீழே இன்னொரு குழி வேண்டும். தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் வரும். அதனால் தோட்டத்தில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டி இந்த மூங்கிலை நட்டோம். மழைக்காலம் முழுக்க, தண்ணீர் ஏறிய இடத்தில் நூல் கட்டி வை என்று சொல்லியிருந்தேன். தறியில் ஓடுகிற சேலையின் கழிவு நூலையே கட்டினாய். தை பிறந்ததும் வந்து பார்த்தேன். மூன்றே நூல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு ஒவ்வொன்று.

கேட்டதற்கு, "தறி ஓடற நாள்ல எவன்டா எழுந்து போய் எட்டிப் பாப்பான்? அமாவாசைக்கு லீவு, அன்னைக்குக் கட்டினேன்" என்றாய்.

அமாவாசையில் தறி ஓடாது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். மழை அமாவாசை பார்த்தா பெய்கிறது? இன்னொரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவேன் என்றேன். உனக்குக் கோபம். பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோதும், "நீ பாத்துக்கினே இரு, எனக்கு வயசாவுது" என்றுதான் ஆரம்பித்தாய்.

அடுத்த மழையில் தண்ணீர் இரண்டு அடி அதிகமாக ஏறியது. அதற்கு ஒரு சாண் மேலே கால் குழியின் தரையை வைத்தேன். அறை பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றது. "நாலு படி எறங்குனா அது பாதாளமாடா?" என்று கிண்டல் செய்தாய். படிக்கட்டு முடியும் முன்பே ஒரு நாள் ஏணி வைத்து இறங்கி, கால் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இல்லாத தறியின் நாடாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக ஓட்டினாய். "சில்லுனு இருக்குதுடா" என்றாய். அந்த ஒரு முறைதான் நீ அங்கே உட்கார்ந்தது. ஆடி மாதம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. உன்னைக் காக்க வைத்த அந்த ஒரு வருஷத்துக்கு அன்றிலிருந்து என்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று குழியின் மூடியைத் தள்ளிவிட்டு மூங்கிலை இறக்கினேன். முதல் வருஷத்து அரக்கு முழுகியது. மாம்பழ மஞ்சள் முழுகியது. அந்த வருஷத்து உச்சியான மயில்கழுத்தும் முழுகி அதற்கு மேல் ஒன்றரை அடி தண்ணீர் நின்றது. இரண்டாம் வருஷத்தின் உச்சி நூல் அரை அடி மேலே காய்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் ஓடினேன். உன் இடத்தில் செல்வி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். சுவரைத் தடவினேன். கால் குழிக்குள் குனிந்து அவள் கால் பக்கத்தில் தரையைத் தொட்டேன். விரலில் வெறும் தூசிதான் ஒட்டியது.

முதல் வருஷத்து அளவில் கட்டியிருந்தால் இந்நேரம் கணுக்கால் முழுகியிருக்கும் என்றேன். அவளிடம் சொன்னேனா, உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை. அவள் தறியின் மிதியை நிறுத்தினாள்.

"அந்த ரெண்டாவது வருஷம் உங்களைத் திட்டிக்கினேதான் பாய் போவாரு. ஆனா ஒரு நாளு விடல. தறியை நிறுத்திட்டுப் போய் எட்டிப் பாத்துட்டுதான் வருவாரு."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. தறியை விட்டு எழுந்திருக்காத நீ, எனக்காகத் தினமும் எழுந்து போயிருக்கிறாய். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவள் பார்க்காதது போல் கழிவு நூலில் ஒரு துண்டை அறுத்து நீட்டினாள். வாடாமல்லி நிறம். இந்த வருஷத்து அளவை நீங்களே கட்டுங்கள் என்றாள்.

முசரவாக்கத்தில் ஒருவர் கீழ் அறை கட்ட வேண்டுமாம், அடுத்த மாதமே தோண்டலாமா என்று கேட்கிறார். நாளை இந்த மூங்கிலோடு போய், ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று சொல்லப்போகிறேன். என் சிமெண்ட் கைக்குப் பட்டு நூல் முடிச்சு வராது என்று சிரிப்பாயே, இன்றும் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை நின்றுவிட்டது. உன் நூலுக்கு அரை அடி கீழே.