பேரைச் சொல்லு, போடுறேன்

மாப்ளே,

மேசை மேல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கிறது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் வெளுத்துவிட்டது. ஆனாலும் எடுத்து முகர்ந்தால் மஞ்சளும் அச்சு மையும் கலந்த வாசனை லேசாக வருகிறது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. ஆனால் இந்தப் பத்திரிகை நீ அடித்ததில்லை. விஷயமே அதுதான்.

கொண்டு வந்தவர் குன்றாண்டார்கோவில்காரர். மூத்த மகள் கல்யாணத்தை நம் மண்டபத்தில் நடத்தினாரே, அவர். அந்தக் கல்யாணத்துப் பத்திரிகைதான் இது, மாதிரிக்கு. இப்போது இளையவளுக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிறார். புருஷனும் பெண்சாதியுமாகத் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். பைரவரைக் கும்பிட்டுவிட்டு வந்து பேசி முடிக்கிறோம் என்று தட்டை என் மேசையில் வைத்துவிட்டுத் திருமயம் கோட்டைப் பக்கம் போயிருக்கிறார்கள். போகும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "அன்னைக்கு வெப்சைட்டுல கொழப்புன அந்த ஆளு இப்ப இல்லைன்னு கேள்விப்பட்டேன். பாவந்தான். ஆனா இனிமே நம்பித் தேதி எழுதலாம்ல தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையைத்தான் இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நான் வாயைத் திறப்பதா, மூடிக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். யாரிடம் கேட்பது? உன்னிடம்தான்.

மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று புதுக்கோட்டையில் உன் பிரஸ்ஸுக்கு வந்து நின்றேனே, அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். பகலில் பத்திரிகை அடிப்பாய், கிடைத்த நேரத்தில் கடைக்காரர்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பாய். தளம் என்பது வெறும் கட்டடம், பிளகின் என்பது அதில் மாட்டுகிற ஃபேன், லைட், குழாய் மாதிரி என்று எனக்கு விளக்கினாய். அது போதாதா எனக்கு? ஃபேன் லைட் என்றதும் சீரியல் பல்பு வரைக்கும் கேட்டேன். திரையில் மல்லிகைப்பூ உதிர வேண்டும். திறந்ததும் நாயனம் ஒலிக்க வேண்டும். இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே எண் ஓட வேண்டும்.

"ஒரு ஆள் பேரச் சொல்லு, போடுறேன்" என்றாய்.

"எந்த ஆளு?"

"இந்தப் பூ உதிர்றது யாருக்கு வேணும்? நம்ம மண்டபத்துக்கு வந்த ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் பேரு."

யோசித்தேன். என் பேரைத் தவிர வேறு பேர் வரவில்லை. "நாயனமாவது போடுடா" என்றேன். "ஆபீஸ்ல மேனேஜருக்குத் தெரியாம மண்டபம் பாக்குற பொண்ணு ஒன்னு திறக்குதுன்னு வையி, திடீர்னு நாயனம் ஊதுனா அது கதி என்ன?" என்றாய். பிரஸ்ஸில் மை தடவிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது.

படத்தைச் சுருக்குகிற பிளகினை நீயாகவே போட்டாய். குளத்தூர்ப் பக்கம் சிக்னல் கிடைக்காத ஊரிலிருந்து ஒரு கறிக்கடைக்காரர் மண்டபத்துப் படம் திறக்கவில்லை என்று என்னிடம் அலுத்துக்கொண்டாரே, அவருக்காக. வழிகாட்டும் வரைபடம், பைபாஸில் எப்போதும் நம்மைத் தாண்டிப் போய்விட்டு எனக்குப் போன் போடும் சமையல் மாஸ்டருக்காக. தினமும் தளத்தை நகல் எடுத்து வைக்கிற ஒன்று, எதையாவது அமுக்கிக் கெடுத்துவைக்கிற எனக்காக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். பேர் இல்லாதது எதுவும் உள்ளே வரவில்லை.

தேதி பதிவு செய்கிற பிளகின் மட்டும் நமக்குள் சண்டையாக நின்றது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த மண்டபத்தில் ஆன்லைன் புக்கிங் வைத்துவிட்டான் என்று நான் குதித்தேன். "நம்ம ஆளுக தேதிய எப்படிக் கேக்குறாங்கன்னு ரெண்டு மாசம் பாத்துட்டுப் போடுவோம்" என்றாய். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? உனக்குச் சொல்லாமல் நானே ஒரு பிளகினைத் தேடிப் போட்டேன். மற்றவர்கள் போட்ட நட்சத்திரம் நிறைய இருந்தது, படம் பளபளவென்று இருந்தது. நாட்காட்டி வந்து உட்கார்ந்ததும் உன்னை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் நீ பார்த்துவிட்டு, "செட்டிங்ஸ் எல்லாம் படிச்சியா?" என்று கேட்டாய். படித்தேன் என்று பொய் சொன்னேன்.

குன்றாண்டார்கோவில்காரர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். தை மாதத்தில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் அவருக்குப் பொருந்தியது. பையன் சிங்கப்பூரில் வேலை, அந்த வாரம் விட்டால் லீவு முடிந்து பறந்துவிடுவான். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், பந்தி போடும் இடத்தில் கால் வைத்து அளந்தார், பிடித்துவிட்டது. "திங்க, செவ்வா அட்டமி நவமி தம்பி. நாளைக்கு எங்க பங்காளி வீட்டுக் காரியம். புதன்கெழம தாம்பூலத்தோட வந்து அட்வான்ஸ் குடுத்துர்றேன்" என்றார். நம் பக்கத்தில் யார் அட்டமியில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தார்கள்? வாய்ச் சொல்தான் எழுத்து. நானும் சரியென்று சொல்லி, அவர் பேரை அந்த நாட்காட்டியில் ஏற்றினேன்.

அந்தப் பிளகினுக்கு அட்டமியும் தெரியாது, பங்காளி வீடும் தெரியாது. பணம் வராத தேதியை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தானாகத் திறந்துவிடு என்று அதன் உள்ளே ஓர் ஓரத்தில் எழுதியிருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் திறந்துவிட்டது. அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து யாரோ பதிவு செய்து பணமும் கட்டிவிட்டார்கள். எனக்கு மெயில் வந்திருக்கிறது. நான் மெயில் பார்க்கிற ஆளா?

புதன்கிழமை காலை உன் போன். "மாப்ளே, கோவப்படாம கேளு. குன்றாண்டார்கோவில்காரரு இப்பத்தான் பத்திரிகை மேட்டர் குடுத்துட்டுப் போறாரு. அச்சுக்கு முன்னாடி தேதிய உன் சைட்டுல ஒருக்கா பாத்துக்குவேன்ல, பாத்தேன். அங்க வேற பேரு இருக்கு."

போனைக் காதில் வைத்தபடியே நாட்காட்டியைத் திறந்தேன். வேறு பேர்தான்.

"அவரு திருமயம் பஸ் ஏறிட்டாரு. அரை மணி நேரத்துல உன் முன்னாடி நிப்பாரு. நான் வண்டியில வாரேன். அதுவரைக்கும் எதுவும் சொல்லிறாத."

நீ வருவதற்கும் அவர் தட்டோடு உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் கிழங்கு. கூட வந்த அவர் வீட்டம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு. என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை, தேதி வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். தட்டைப் பிடித்திருந்த அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மட்டும் நின்றுகொண்டே கேட்டார்: "எப்புடிங்க போகும்? ஒங்க வாய்ச் சொல்லுதானே?"

அப்போது நான் சொன்னதைத்தான் இத்தனை நாளாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன். உன் பக்கம் கையைக் காட்டி, "வெப்சைட் செஞ்சவன் பண்ணுன தப்புண்ணே" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிகூட இருக்காது. பிறகு அவர் பக்கம் திரும்பி, "தப்புத்தாங்க. சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றாய்.

அவர் உன் தோளில் தொங்கிய பையைக் காட்டினார். "எங்க பத்திரிகை மேட்டர இப்பிடிக் குடுங்க. ஒங்க கையால அடிச்ச பத்திரிகை எங்களுக்கு வேணாம்." நீ அந்தத் தாளை எடுத்து, மடிப்புப் பிரித்து நேராக்கி, அவர் கையில் கொடுத்தாய். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு நீ சென்னைக்குப் போன் போட்டாய். ஸ்பீக்கரில் அந்தப் பெண்மணி கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. "பணம் கட்டிட்டோம் சார், மெசேஜ் இருக்கு, விட்டுத்தர முடியாது." நீ குரலை உயர்த்தவே இல்லை. "விட்டுத்தர வேணாங்க. ஒன்னே ஒன்னு கேட்டுக்குறேன். என்ன விசேஷம், எத்தன மணிக்கு?" என்றாய். குழந்தைக்கு முதல் பிறந்த நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு. சொந்த ஊர் என்பதால் இங்கே வைக்கிறார்கள்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. பந்தி முடிந்து மத்தியானம் இரண்டுக்குள் மண்டபம் காலி. ஒரே நாளில் இரண்டையும் நடத்திவிடலாம். என் பளபளப்புப் பிளகின் தேதியைக் கேட்டது, பணத்தைக் கேட்டது, காலையா மாலையா என்று கேட்கவே இல்லை. நீ போனை வைத்ததும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குன்றாண்டார்கோவில்காரர் எனக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று மத்தியானம் கடைசிப் பந்தி எழுந்ததும் கூட்டிப் பெருக்க ஆள் தேடி வெளியே ஓடினேன். மூன்று மணிக்குப் பிறந்த நாள் பலூன்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்து பார்த்தால் நீ வேட்டியை மடித்துக் கட்டி, தென்னை விளக்குமாற்றோடு எச்சில் இலைகளுக்கு நடுவே நிற்கிறாய். உன்னை யாரும் அழைக்கவில்லை, உனக்குப் பத்திரிகைகூடக் கிடையாது. "எலைய அங்கிட்டு ஒதுக்கு, பாத்துக்கிட்டு நிக்காத" என்று என்னை அதட்டினாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். குன்றாண்டார்கோவில்காரர் வாசலில்தான் நின்று வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நாள் போகட்டும் என்று தள்ளினேன். தள்ளித் தள்ளி, போன பங்குனியில் நீயே போய்விட்டாய். பிரஸ்ஸில் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

அந்தத் தேதிக் குழப்பத்துக்குப் பிறகு நீ போட்ட நாட்காட்டி இன்றும் ஓடுகிறது. காலை, மாலை தனித்தனி. காலியென்றால் வெள்ளை, உறுதியென்றால் சிவப்பு, பேச்சு நடந்திருந்தால் மஞ்சள். மஞ்சள் தானாக மாறாது. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பேசிவிட்டு மாற்றினால்தான் மாறும். எந்தப் பிளகின் யாருக்காக என்று ஒரு தாளில் எழுதி என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாய். கறிக்கடைக்காரர் இருக்கிறார், மாஸ்டர் இருக்கிறார். நாட்காட்டிக்கு நேராகக் குன்றாண்டார்கோவில்காரர் பேர் இருக்கிறது. உன்னைத் திட்டிய மனிதரின் பேரை நீ எழுதினாய்.

கடைசி வரியில் ஒன்று. தளத்தில் நான் எதைக் கூட்டினாலும் மாற்றினாலும் உனக்கு ஒரு மெயில் அனுப்புகிற பிளகின். திருட்டுத்தனமாக நான் மறுபடி எதையாவது மாட்டிவிடுவேன் என்ற பயம் உனக்கு. அதற்கு நேராக 'எனக்கு' என்று எழுதியிருந்தாய்.

செருப்புச் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள். எழுதியதை மூடி வைக்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். போய்விட்டார்கள், மாப்ளே.

சொல்லிவிட்டேன். அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் என் தைரியம் போய்விடும் என்று. "அண்ணே, அன்னைக்குத் தப்பு நான் பண்ணுனது. அவன் வேணாம்னான், நான்தான் அவனுக்குத் தெரியாம அதப் போட்டேன். ஒங்க முன்னாடி அவன் மேல போட்டுட்டேன்."

அவர் நெற்றியில் விபூதி ஈரமாக இருந்தது.

"அந்தத் தம்பி தப்புத்தாங்கன்னு சொன்னாரே?"

"என்னையக் காப்பாத்தச் சொன்னான்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல. நான் அவரு கையப் பத்தி ஒரு சொல்லுச் சொன்னேன்" என்றார். அந்த அம்மாதான் கேட்டார், பிரஸ்ஸை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று. உன் சம்சாரம்தான் பார்க்கிறது என்றேன்.

அவர் மேசையிலிருந்த பழைய பத்திரிகையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். "போற வழியில எளையவ பத்திரிகைய அங்கயே அடிக்கக் குடுத்துட்டுப் போறோம்." அந்த அம்மா தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டார். வெற்றிலை ஒன்றுகூடக் குறையவில்லை.

"மண்டபம்ணே?" என்று கேட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி. மண்டபம் பேரு வர்ற எடத்த மட்டும் விட்டு வைக்கச் சொல்றேன்."

அழுகை வந்தது. மண்டபம் போகிறதே என்று கொஞ்சம், உன்னை அப்படி நிற்கவைத்தேனே என்று மீதி எல்லாம்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். உனக்கு மெயில் அனுப்புகிற அந்தப் பிளகின் கண்ணில் பட்டது. படிக்க ஆளில்லாத மெயில். உன் விதிப்படி பார்த்தால் அது இருக்கவே கூடாது. நீக்கு என்ற பொத்தான் மேல் அம்பைக் கொண்டுபோனேன். பேரைச் சொல்லு என்றாய். சொன்னேன். என் பேரைத்தான். பிளகின் அங்கேயே இருக்கட்டும்.

பிறகு நாட்காட்டியில் ஆவணித் தேதியை, காலை வேளையை மட்டும், மஞ்சளாக்கி அவர் பேரைப் போட்டேன். இந்நேரம் உனக்கு மெயில் வந்திருக்கும்.