முத்துமாரி படித்த பேச்சு

ஜூன் 18, புதன்

மழை. தாராவியில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள்.

வகுப்புச் சுவரில் ஒரு ஸ்மார்ட் போர்டு தொங்குகிறது. போன வருடம் ஏதோ ஒரு கம்பெனி தானமாகக் கொடுத்தது. அதில் இருக்கும் பாடமெல்லாம் இங்கிலீஷ், இந்தி. நாங்கள் தமிழ் மீடியம். கொடுத்தவர்கள் கேட்கவில்லை, வாங்கியவர்கள் சொல்லவில்லை. திறப்பு விழா போட்டோ மட்டும் ஆபீசில் மாட்டியிருக்கிறது. போர்டுக்குப் பழைய பெட்ஷீட் போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஹெட்மாஸ்டர் ஜகந்நாதன் சார் இன்றும் என்னிடம் சொன்னார்: "தூசி படாம பாத்துக்கோ ஜெபசெல்வி. ஆடிட்ல கேப்பா." மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று எந்த ஆடிட்டிலும் கேட்டதாக நினைவில்லை.

ஜூன் 24

பெட்ஷீட்டை உருவி எறிந்தேன். என் போனை போர்டோடு இணைத்தேன். நாம் பேசுவதை எழுத்தாக்கும் செயலி ஒன்று இருக்கிறது, தமிழும் எழுதுகிறது. நோட்ஸ் எழுதிப்போடும் வேலை மிச்சம் என்ற சோம்பல்தான். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது.

பூகோளம். பிரேசில். நான் பேசப் பேச போர்டில் வரி வரியாக எழுத்து ஓடியது. பிள்ளைகள் ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சலித்துவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அதற்குள் வரி போய்விடும்.

பாடம் முடிகிற நேரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், தேவைக்கு மேல் சத்தமாக: "டீச்சர், அமேசான்ல மழை பேஞ்சா அவங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வருமா?"

முத்துமாரி. அவள் கேள்வி கேட்டு இந்த வகுப்பில் யாரும் பார்த்ததில்லை.

ஜூன் 25

அவளுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். காது போய்விட்டது. ஏதோ முகாமில் ஒரு மிஷின் கொடுத்தார்கள். அது காதுக்குள் விசிலடித்துக்கொண்டே இருந்ததால் கழற்றி வைத்துவிட்டாள். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தை மட்டும் படித்துப் படித்தே பத்தாவது வரை வந்திருக்கிறாள். அதனால்தான் வகுப்பிலேயே தமிழை ஓட்டமாகப் படிக்கிறவள் அவள் ஒருத்தி.

அவளை முன் பெஞ்சுக்கு வரச் சொன்னேன். போர்டில் படித்துவிட்டு வந்தாள்.

ஜூலை 4

இன்று ரமேஷ்குமார் என் போன் மைக் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான்: "இசக்கி பெஞ்சுக்கடியில வடாபாவ் திங்கான்." அப்படியே போர்டில் வந்துவிட்டது. வகுப்பு மொத்தமும் திரும்பியது. இசக்கி வாய் நிறைய வைத்துக்கொண்டு, "நை டீச்சர், ஜூட் போல்ரா ஹை" என்றான், அவன் பொய் சொல்கிறானாம். அதையும் போர்டு கன்னாபின்னாவென்று தமிழில் எழுதியது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முத்துமாரி எப்போதும் மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போதுதான் சிரிப்பாள், எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு. இன்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள்.

ஜூலை 15

யூனிட் டெஸ்ட். பூகோளத்தில் முத்துமாரி முதல். அறிவியலில் இரண்டாவது.

"யாரப் பாத்து எழுதினா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அவளப் பாத்துத்தான் மத்தவங்க எழுதியிருக்காங்க சார்."

இந்தப் பிள்ளை பத்தாவது தேறிவிடுவாள். நன்றாகவே தேறுவாள். பாலிடெக்னிக் போகலாம். நானாகக் கற்பனை செய்யவில்லை, விடைத்தாள் சொல்கிறது.

ஜூலை 19, சனி

என் பழைய போனில் அந்தச் செயலியை ஏற்றி முத்துமாரியிடம் கொடுத்தேன். அவள்தான் கேட்டாள்: "வீட்டுக்குக் கொண்டு போகட்டா டீச்சர்? வீட்ல என்ன பேசுதாங்கன்னு ஒரு நாளாச்சும் பாக்கணும்."

செம்பூர் பஸ்ஸில் வீடு வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

ஜூலை 21

முத்துமாரி வரவில்லை.

ஜூலை 22

வரவில்லை. மழையாக இருக்கும்.

ஜூலை 24

வந்தாள். பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகு போனை மேசையில் வைத்தாள். "வேண்டாம் டீச்சர்."

"ஏன்? ரிப்பேரா?" என்றேன். போர்டு எழுதியது.

"மொதல்ல அத அணைங்க."

அணைத்தேன்.

அவளாகவே சொன்னாள். "அம்மா காலையில எனக்குத் தலை சீவி விடும். சீவும்போது ஏதோ சொல்லிட்டே இருக்கும். சின்னப் பிள்ளையிலேருந்து. அம்மா கையில அந்த அசைவு தெரியும். ஏதோ பாட்டுன்னு நெனச்சேன் டீச்சர். ஞாயித்துக்கெழம போன மடியில வச்சிப் பாத்தேன்."

போனில் அது அப்படியே இருந்தது. புள்ளி இல்லை, கமா இல்லை.

அன்னைக்கு ராத்திரி அந்தக் காய்ச்சல்லயே நீ போயிருக்கலாம்ட்டி உனக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி எனக்குப் பொறவு உன்ன யாரு பாப்பா மாரியாத்தா இவள ஏன் விட்டு வச்ச தலைய ஆட்டாத சடை கோணும்

நான் படித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து சந்துக்குள் சந்து, அப்புறம் இரும்பு ஏணி, மேலே ஒற்றை ரூம். அப்பா டெம்போ ஓட்டுகிறவர், ஊரில் இருக்கும் நாளே குறைவு. அம்மா கனகவள்ளி பதின்மூன்றாம் கம்பவுண்டில் குப்பைப் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறார். முத்துமாரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று, நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"ஆமா, சொன்னேன். இன்னைக்கி நேத்தா சொல்லுதேன்? காது போன நாள்லேருந்து சொல்லுதேன். சொல்லிட்டுத்தான் எந்திரிச்சி வேலைக்கிப் போவேன்."

"பெத்த பிள்ளையப் பாத்து அப்படிச் சொல்லலாமா?"

"பாத்து எங்க சொன்னேன்? முதுகுக்குப் பின்னாலதான சொன்னேன். அவளுக்குக் கேக்காதுல்லா, அந்தத் தைரியம். இந்த ரூம்ல நான் அழ எங்க எடம் இருக்கு, சொல்லுங்க. பக்கத்து வீட்ல தும்முனா இங்க கேக்கும். சாமிகிட்டகூட வாயத் தொறந்து சொல்ல முடியாது. எனக்கு இருந்தது அந்த ஒரு எடந்தான்."

அவர் எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தார்.

"பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுங்கன்னுதான அனுப்புனோம். வீட்டுக்குள்ள வந்து ஒட்டுக்கேக்கச் சொன்னது யாரு டீச்சர்?"

டீ போட்டுத் தந்தார். குடித்தேன். ஏணியில் இறங்கும்போது மேலிருந்து சொன்னார், "இப்ப தலைய அவளே சீவிக்கிடுதா."

என்னத்தைப் புடுங்கப் போனேன் நான்? அடுத்தவன் குடுத்த போர்டு சரியில்லைன்னு பேசத் தெரியுது. நான் குடுத்தது மட்டும் என்ன, கேட்டா குடுத்தேன்? ஆமா, அவ கேட்டா. பதினஞ்சு வயசுப் பிள்ளை கேட்டா. எனக்கு வயசு இருபத்தாறு. யோசிக்க வேண்டியது யாரு?

ஆகஸ்ட் 6

முத்துமாரி மறுபடியும் கடைசி பெஞ்சில். போர்டு ஓடுகிறது. அவள் நிமிர்வதேயில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பாடத்தை மட்டுமாவது பார்.

"அது எல்லாத்தையும் அப்படியே எழுதிடும் டீச்சர்" என்றாள்.

ஆகஸ்ட் 29

அடுத்த டெஸ்ட். முத்துமாரி அறிவியலில் தேறவில்லை. பூகோளத்தில் ஒட்டித் தப்பித்தாள்.

செப்டம்பர் 10

போர்டு கொடுத்த கம்பெனிக்கு யாரோ முத்துமாரி கதையைச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, ஹெட்மாஸ்டர்தான். தாயையும் மகளையும் வைத்து வீடியோ எடுக்க வருகிறார்களாம். முடியாது என்றேன்.

"அவா டோனர்ம்மா. நாளைக்கு ஃபேன் கெட்டுப் போனா யார்கிட்ட போய் நிக்கறது? நீ எப்பப் பாத்தாலும் கோபப்படறே. கோபத்துல கரண்ட் வருமா?"

வராதுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

வந்தார்கள். கனகவள்ளியும் வந்தார், விசேஷத்துக்குக் கட்டும் புடவையில். மகளுக்கு நல்லது என்று சொல்லி அழைத்திருக்கிறார்கள். முத்துமாரியை முன் பெஞ்சில் போர்டைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அம்மா கையில் மைக்.

ஹெட்போன் மாட்டிய பெண் இனிமையாகத்தான் சொன்னாள். "ஆன்ட்டி, பேட்டி ஸே குச் போலியே." மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். மகள் அதைப் போர்டில் படிப்பாள். அதைப் படம் பிடிப்பார்கள்.

கனகவள்ளி போர்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"குச் பீ, ஆன்ட்டி" என்றாள் மறுபடியும், ஏதாவது சொல்லச் சொல்லி. போர்டு அந்த வார்த்தைகளை எழுதியது. பிறகு ஒன்றும் எழுதவில்லை. வெறும் வெள்ளை.

ஒரு மாதத்துக்கு மேல் போர்டை ஏறெடுத்துப் பார்க்காத முத்துமாரி இன்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டாமல். நானும்தான். ஒரு வார்த்தை, எதுவானாலும் சரி. சாப்பிட்டியா என்று கேட்டால்கூடப் போதும்.

கனகவள்ளி மைக்கைப் புடவைத் தலைப்பால் மூடி மேசைமேல் வைத்துவிட்டு விலகி வந்தார். முத்துமாரி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் சேர்ந்தே போனார்கள்.

வாசலில் என்னைப் பார்த்துக் கனகவள்ளி சொன்னார்: "இனிமே நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அன்னைக்குப் படிச்சதுதான் டீச்சர் நிக்கும்."

செப்டம்பர் 15

வரவில்லை.

செப்டம்பர் 20

வீட்டுக்குப் போனேன். பூட்டு. முத்துமாரியும் அம்மாவோடு வேலைக்குப் போகிறாள் என்றார் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள். "பிள்ளதான் போவேன்னு நின்னுச்சாம். அவ அம்மை எவ்வளவோ சொல்லிப் பாத்தா."

இதை நம்புவதா? நம்பித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 3

வீடியோ வந்துவிட்டது. கனகவள்ளி மைக்கோடு நிற்கிறார். பின்னால் வயலின். முகத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி: என் மகளுக்கு இப்போது நான் பேசுவது கேட்கிறது.

"அவங்க அப்படிச் சொல்லவே இல்லையே சார். வாயையே திறக்கலையே."

ஹெட்மாஸ்டருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஒரு தாயார் வேற என்னம்மா சொல்லுவா?"

நவம்பர் 12, புதன்

தேர்வுக்குப் பெயர் கொடுக்க நாளை கடைசி நாள். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு பதின்மூன்றாம் கம்பவுண்டுக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. நடுவில் பிளாஸ்டிக்கை அரைக்கும் மிஷின். அந்தச் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். டீ வேண்டுமா, தள்ளி உட்கார், சூப்பர்வைசர் வருகிறான், எல்லாம் கை ஜாடையில்தான். முத்துமாரியும் கையைக் காட்டினாள், எதிரே இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே அவளைப் புதிதாகப் பார்க்கிற யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். என் காதருகே வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்.

"இல்ல டீச்சர்."

ஏன் என்று கையால் கேட்டேன்.

"வீட்ல அம்மா இப்ப பேசவே மாட்டேங்கு. எங்கிட்டன்னு இல்ல, யார்ட்டயும். இங்கதான் பேசுது, நான் பக்கத்துல இருந்தாத்தான்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அடுத்த இடம் கனகவள்ளியுடையது. என்னை அவர் கவனிக்கவில்லை. கை டப்பா மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. உதடுகள் அசைய ஆரம்பித்தன, நிற்காமல் அசைந்தன. மிஷின் சத்தத்தில் அதை யாரும் கேட்க முடியாது.

முத்துமாரி தன் கூடையை இழுத்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.