பித்தளைச் சாவி தாங்காத இலை

அண்ணி,

இன்று காலை தேக்கா சந்தையில், வெற்றிலைக் கடையில் சில்லறைக்காகப் பையைத் துழாவியபோது அந்தப் பித்தளைச் சாவி கையில் பட்டது. இப்போது எந்தப் பூட்டுக்கும் உதவாத சாவி. கடைக்காரர் கையை நீட்டியபடி இருக்க, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னக்கா, வீட்டப் பூட்டாம வந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வயதில் நான் மூத்தவள், முறையில் நீங்கள். நீங்கள் என்னை அக்கா என்பீர்கள், நான் உங்களை அண்ணி என்பேன். "ரெண்டு பேர்ல யாரு பெரியவங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்று அண்ணன் கிண்டல் செய்வார். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டில் நாம் மூன்று பேர் மட்டும்தான். பிள்ளை இல்லாத பேச்சை யாரும் எடுப்பதில்லை. அந்த வீட்டுக்குத்தான் ஒருநாள், ஆபீஸ் தோழி ஊர் மாறிப் போகிறாள் என்று ஒரு கண்ணாடித் தொட்டியையும், உள்ளங்கை நிறைய ஒரு பச்சைத் தவளையையும் டாக்சியில் கொண்டுவந்து இறக்கினீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அண்ணன் குனிந்து பார்த்து, "இதுக்கும் தொப்பை இருக்கே" என்றார். "தவளை தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே வீட்டுல ரெண்டு தொப்பையன் லா" என்றீர்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தொட்டியில் இருந்தவை எல்லாம் பிளாஸ்டிக் செடிகள். முதல் வேலையாக அவற்றைப் பிடுங்கிப் போட்டீர்கள். "பொய்ச் செடியில உக்காந்துகிட்டு இது எவ்ளோ நாளைக்குக்கா ஏமாறும்?" அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நர்சரிதான். ஆசைப்பட்டு வாங்கிய மெல்லிய பெரணியை அவன் ஒரே ராத்திரியில் மிதித்துக் கூழாக்கினான். ஆர்க்கிட் அந்த ஈரத்தில் வேர் அழுகிப் போயிற்று. அழகைப் பார்த்து வாங்குவதை அதோடு விட்டீர்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சாவிக்கொத்துப் பரிசோதனை. நர்சரியில் ஒரு செடியைப் பிடித்தால் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து இலையில் மாட்டிப் பார்ப்பீர்கள். வீட்டுச் சாவி, தபால்பெட்டிச் சாவி, எப்போதோ தூக்கிப் போட்ட பீரோவின் பெரிய பித்தளைச் சாவி. "அத ஏன் இன்னும் சுமக்குற?" என்று அண்ணன் கேட்டதற்கு, "இது இருந்தாதாங்க தொப்பையன் வெயிட்டு வரும்" என்றீர்கள். சமையலறைத் தராசில் அவனை ஒரு டப்பாவோடு வைத்து, சாவிகளையும் வைத்து, எங்கள் இருவருக்கும் நிரூபித்துக் காட்டினீர்கள். இலை வளைந்து நின்றால் "தாங்குது", மடிந்தால் "தாங்கல". கடைக்காரச் சீனருக்குக்கூட அந்த இரண்டு சொல்லும் பாடம். நம்மைக் கண்டாலே "தாங்குது, தாங்குது" என்று தடித்த இலைச் செடியாகப் பார்த்து நீட்டுவார்.

வாங்கியதும் தொட்டிக்குள் வைக்க விடமாட்டீர்கள். வேரிலிருந்த உரமணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இலையைக் குழாயடியில் இருபுறமும் துடைத்து, வாசல் நடைபாதையில் வாளியில் வாரக்கணக்கில் காத்திருக்க வைப்பீர்கள். "தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும்க்கா. இலையில இருக்குற மருந்து நேரா உள்ள போயிரும்." கடைசியில் நின்று நிலைத்தது ஒரு மணி பிளான்ட். கண்ணாடியின் பின்பக்கம் முழுக்கப் படர்ந்து, அதன் அகல இலையில் தொப்பையன் கண்ணை மூடிக் கிடப்பான். அண்ணன் போனில் உரக்கப் பேசினால் அவனும் சேர்ந்து கத்துவான். வீடு சத்தமாக இருந்த காலம் அது.

ஆஸ்பத்திரியில் பேச்சே குறைந்துபோன பிறகும், நான் போகும்போதெல்லாம் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "இலை தாங்குதாக்கா?" தாங்குது அண்ணி என்றேன். அப்போது அது பொய்யில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், செம்பவாங் பெரியம்மா மஞ்சளும் கல்லுப்பும் கரைத்த செம்போடு வீடு முழுக்கத் தெளித்துக்கொண்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தொட்டியின் மூடியைத் திறந்து, மிச்சம் இருந்ததை மொத்தமாக உள்ளே ஊற்றிவிட்டார். "அவ ஆசையா வெச்சிருந்தது, அதுக்கும் தீட்டு கழியணும்ல?" என்றார் கண்கலங்கி. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கோபிப்பது? நான் தொப்பையனை வாரியெடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரக் காகிதம் விரித்த டப்பாவில் விட்டேன். அவன் பிழைத்தான். மணி பிளான்ட் பிழைக்கவில்லை. மண்ணில் உப்பு இறங்கி, இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன.

அண்ணன் அந்தக் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "தொப்பையன யாருக்காச்சும் குடுத்துரு. அது இருந்தா அவ இங்கயே நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். காரியத்துக்குப் பிறகு அவர் பேசியதே அவ்வளவுதான். உங்களிடமிருந்து மிஞ்சிய உயிர் அது ஒன்றுதானே.

சமையலறை ஜன்னலில், ஜாம் பாட்டில் தண்ணீரில் நீங்கள் வெட்டி வைத்த துண்டுக்கொடி ஒன்று வேர்விட்டு நின்றது. அதைக் காட்டி, "இது வளந்து இலை தாங்குச்சுன்னா வெச்சுக்கலாம். இல்லன்னா குடுத்துரலாம்" என்றேன். அண்ணன் தலையாட்டினார். தொட்டியைக் கழுவி, தண்ணீர் வடியக் களிமண் உருண்டை, வலை, புது மண் என்று நீங்கள் போட்ட வரிசையிலேயே போட்டு நட்டேன். தினமும் அதன் முன்னால் போய் நின்றேன். சாமி படத்தின் முன்னால்கூட அப்படி நிற்கவில்லை.

போன ஞாயிறு அண்ணனே உங்கள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இருப்பதில் பெரிய இலையாகப் பார்த்து மாட்டினார். இலை வளைந்தது, இன்னும் வளைந்தது, நுனி மண்ணைத் தொட்டது. அண்ணன் சட்டென்று உள்ளங்கையை அடியில் கொடுத்தார்.

"தாங்கலம்மா" என்றார்.

அந்தச் சொல்லோடு அவர் குரல் உடைந்தது. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத மனிதர், கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டபடி அழுதார். நானும் அழுதேன். டப்பாவுக்குள் தொப்பையன் சத்தமே இல்லாமல் கிடந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, அண்ணன் கொத்தை வெளியே எடுத்து, நகத்தால் வளையத்தைப் பிரித்து, பித்தளைச் சாவியை மட்டும் கழற்றி என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சத்தை மறுபடி மாட்டினார். இலை வளைந்து, பாதியில் நின்றது.

"தாங்குது" என்றார்.

"ஆமாண்ணே, தாங்குது" என்றேன்.

தொப்பையன் மறுபடி தொட்டிக்குள்ளேதான் இருக்கிறான். அந்த இலையில் ஏறினான், சரிந்தான், இப்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறான். இன்னும் கத்தவில்லை. அண்ணனும் போனில் யாரோடும் பேசுவதில்லை. இலை தடிக்கட்டும் என்று இருவரும் காத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் பித்தளைச் சாவி என் பையில்தான் இருக்கும். இவ்வளவு நாள் இதையா இடுப்பில் சுமந்தீர்கள்? கனமாக இருக்கிறது, அண்ணி.