விருந்தாளி வரும் நாளின் அரை மாத்திரை

இன்று காலை என் பிரஷர் மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி துள்ளி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. "ஏங்க, அந்தப் பக்கம் உருண்டுச்சா பாருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நியூ டவுனில் பதினோராவது மாடியில், நான் ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில்.

டாக்குரியாவில் இருந்தபோது உங்களுக்கு எத்தனை மாத்திரை வெட்டியிருப்பேன். டெட்ராபெனசின் என்ற பெயர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று. அப்போது உங்கள் கையும் தோளும் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. பேங்க் ஆபீசர் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து தள்ளாடி வருகிறார், குடி என்றார்கள் தெருவில். "சொல்லிட்டுப் போறாங்க, விடு" என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்குத்தான் மானம் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நான் மாத்திரையால் மூடப் பார்த்தேன்.

ஆட்டம் அடங்க வேளைக்கு அரை மாத்திரை என்றார் டாக்டர். அந்த மருந்தால் மனம் சோர்ந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் எச்சரித்தார். அது என் காதில் ஏறவில்லை. யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், "இன்னிக்கு ஒரு அரை கூடப் போட்டுக்கோங்க" என்பேன். நீங்களும் மறுபேச்சில்லாமல் வாயைத் திறப்பீர்கள். துர்கா பூஜை சமயத்தில் தினமும் யாராவது வந்தார்கள். அதிகப்படி அரை தினப்படி ஆகிவிட்டது.

விஜயதசமி முடிந்து அக்கம்பக்கத்தார் பிஜோயா வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். முந்தைய வருடம் பக்கத்து வீட்டுத் தத்தா பாபு உங்களைக் கட்டித் தழுவியபோது உங்கள் கை பட்டு அவர் கண்ணாடி தெறித்து விழுந்திருந்தது. இந்த முறை நீங்கள் ஆடாமல் அசையாமல் நின்றீர்கள். "பௌதி, தாதா ஏக்தொம் பாலோ" என்றார் அவர் வங்காள மொழியில். அண்ணன், அதாவது நீங்கள், முழுக்கக் குணமாகிவிட்டீர்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர்கள் போன பிறகு பார்த்தால், உங்கள் தட்டில் சந்தேஷ் இனிப்பு அப்படியே இருந்தது.

"பிடிக்கலையா?"

"பிடிக்குதா இல்லையான்னே தெரியல. எதுவுமே உள்ள வரமாட்டேங்குது."

"அசதிதான். தூங்கினா சரியாப் போயிடும்" என்றேன்.

அடுத்த முறை டாக்டர் உங்களைப் பார்த்து, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நீங்கள் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கார்" என்றேன். மாத்திரையைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம். நீங்கள் ஒரு தரம் என்னைப் பார்த்தீர்கள்.

நான்கு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் துண்டை மடித்துக்கொண்டே, "எனக்கு இருக்கவே பிடிக்கல" என்றீர்கள், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அன்றே உங்களை இழுத்துக்கொண்டு ஓடினேன். கூடுதலாகக் கொடுத்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் அளவைக் குறைத்தார். சில வாரத்தில் கை மறுபடி ஆடியது. சிரிப்பும் திரும்பி வந்தது. சட்டையெல்லாம் டீ சிந்திக்கொண்டு இன்னும் மூன்று வருடம் இருந்தீர்கள்.

என்னை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இந்த வீட்டில் சில நாள் பொழுது விடிந்து சாய்கிறவரை யாரிடமும் பேசாமல் இருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த நான்கு மாதம்தான் நெஞ்சில் வந்து உட்காருகிறது. எனக்காவது பக்கத்தில் யாரும் இல்லை. நீங்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே அப்படி இருந்தீர்கள்.