ஊரில் ஒருவர்

மார்ச் 4

பேருந்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போதிய ஆள் ஏறாவிட்டால் எங்கள் ஊர் வரை வராதாம், முக்கு ரோட்டோடு திரும்பிவிடுமாம். அங்கிருந்து வீட்டுக்கு நடை ஒன்றரை மணி நேரம். மருந்துக் கடை வேலை முடிந்து இருட்டில் அவ்வளவு தூரம் என்னால் ஆகாது. வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் டவுனில் அண்ணன் வீட்டில் தங்க வேண்டும். அண்ணி நல்லவர்தான், தூரத்தில் இருக்கும்வரை. அப்பா? அவரை நகர்த்துவதைவிட ஊரை நகர்த்துவது சுலபம்.

மார்ச் 9

மாவு மில் வாசலில் கூட்டம். புதன்கிழமை பேருந்தில் ஆள் எண்ண வருகிறார்களாம். "அன்னைக்கு ஊரே ஏறணும். கைக்குழந்தையக்கூட விடாதீங்க" என்றார் மில்காரர். போய் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "திரும்பி வர்றது" என்றார். எல்லோருக்கும் சம்மதம், அப்பாவைத் தவிர.

மார்ச் 10

அப்பா மண்டியில் எடை போட்டே தலை நரைத்தவர். தராசுத் தட்டைக் கையால் அழுத்துவதும் வேலையில்லாமல் பேருந்தில் ஏறுவதும் அவருக்கு ஒன்றுதான்.

"உனக்கு டவுன்ல வேலை இருக்கு, போற. எனக்கு என்ன வேலை?"

"பஸ் நின்னா என் வேலை போயிடும்பா."

"அதுக்காகப் பொய்க் கணக்கு காட்ட முடியாதும்மா."

பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மார்ச் 11

பேருந்து பிதுங்கியது. டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கண்டக்டருக்குக் கை ஓய்ந்துவிட்டது. எண்ண வந்தவரின் செருப்பு மேல் யாரோ கடைசிவரை நின்றார்கள். டவுனில் எல்லோரும் டீ குடித்துவிட்டு அடுத்த நடையில் திரும்பினார்கள். மில்காரர் முகத்தில் கல்யாணக் களை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அப்பா சொல்கிறார், "மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒரு அம்மா வந்துச்சு."

இன்றைக்கா?

"எல்லா வீடும் பூட்டியிருக்கே, ஊர்ல யாருமே இல்லையான்னு கேட்டுச்சு. நான் ஒருத்தன்தான் இருக்கேன்னு சொன்னேன்."

"கொஞ்ச நேரத்துல எல்லாரும் வந்துருவாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதை அந்தம்மா கேக்கல."

ஏப்ரல் 2

முடிவு வந்துவிட்டது. பேருந்தில் கூட்டம் தாங்கவில்லையாம், அதனால் முக்கு ரோடு வரை இன்னொரு பேருந்தும் விடுகிறார்கள். அதற்கப்பால் எதுவும் போகாது. மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே ஒரே ஒருவர்தான் வசிக்கிறாராம், அவருக்காகப் பேருந்து விட முடியாதாம்.

மறுபடி எண்ணச் சொல்லி மில்காரர் மனு போட்டிருக்கிறார். அப்பாவிடம் யாரும் பேசுவதில்லை. நானும்தான். ஆத்திரம் ஆத்திரமா வருது. ஊரை விடு — வீட்டுல பொண்ணுன்னு ஒருத்தி இருக்கேன்ல? அதைக்கூடவா சொல்லக் கூடாது?

ஏப்ரல் 6

அண்ணன் வீடு. கூடத்தில் பாய். "உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ" என்றார் அண்ணி. பிறகு கழுவ வேண்டிய பாத்திரங்களைக் காட்டினார்.

ஏப்ரல் 19

அண்ணன் அப்பாவுக்குப் போன் போட்டான். நான் சாப்பிட்டேனா என்று அவனிடம் கேட்டாராம். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 8

மாத்திரை வாங்க மில்காரர் எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். நேற்று ஊரில் மறுபடி எண்ணினார்களாம். போன தடவை வந்த அதே அம்மா. இந்தத் தடவை ஒருவரும் வாசலை விட்டு அசையவில்லையாம்.

"உங்கப்பாகிட்ட கேட்டாங்க. 'ரெண்டு பேர், நானும் எம் பொண்ணும்'னாரு. நான் சும்மா இருக்காம, பொண்ணு இப்ப டவுன்லதானே இருக்குன்னுட்டேன். என் பக்கம் திரும்பவே இல்லையே மனுஷன். 'வேலைக்குப் போயிருக்கா, ராத்திரி வந்துருவா'ன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டாரு."

அவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.

பேருந்து வருமா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. முதலாளியிடம் நாளைக்கு அரை நாள் கேட்டிருக்கிறேன். முக்கு ரோட்டில் இறங்கினால் வெளிச்சத்திலேயே நடந்துவிடலாம். ஒரு ராத்திரியாவது நான் அங்கே படுத்தால்தான் அவர் சொன்னது பொய்யாகாது.